கறுத்துப் போற ஸ்கிரீன்: திருத்துறதுக்கு முதல் பிடியுங்கோ



இந்தக் கிழமை பொட்காஸ்டில் கேமிங் லப்டொப் பற்றிக் கதைக்கும்போது நேரம் காணாமல் விட்ட ஒரு விசயம் இருக்கு: இடைக்கிட ஸ்கிரீன் கறுத்துப் போறது. இது காதால் கேட்டு விளங்கிற விசயம் இல்லை. லப்டொப்பை முன்னால் வச்சுக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்க வேணும். அதனால் எழுத்தில் தாறன்.

பிரச்சினை பெரும்பாலும் இப்பிடித்தான் இருக்கும். கேம் ஓடிக்கொண்டிருக்கும், இல்லாட்டி அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பீங்கள். திடீரென்று ஸ்கிரீன் கறுக்கும். இரண்டு செக்கனில் திரும்பி வரும். சில நேரம் வராது. பவர் பட்டனை அமத்திப் பிடிச்சுத்தான் எழுப்ப வேணும். ஒரு நாளைக்கு மூன்று தரம் வரும், பிறகு நாலு நாளைக்கு ஒன்றும் இருக்காது. கடைக்குக் கொண்டு போனால், பல் வைத்தியரின் வாசலுக்குப் போனதும் மறைஞ்சு போற பல்லுக்குத்து மாதிரி, ஒன்றையும் காட்டாது.

இந்த இடத்தில்தான் காசு போகும். பிழையைக் கண்ணால் காணாத கடைக்காரர் இரண்டில் ஒன்றைச் சொல்லுவார். "பிழை ஒண்டும் இல்லை" எண்டு திருப்பித் தருவார், அல்லது "மதர்போர்ட் மாத்த வேணும்" என்பார். கேமிங் லப்டொப்புகளில் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடேயே சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே மதர்போர்ட் மாத்துறது சின்னச் செலவு இல்லை. அம்மா அப்பா ஓவர்டைம் செய்து வாங்கித் தந்த லப்டொப் எண்டால், திரும்பவும் காசு கேட்க மனமும் வராது.

ஆகவே இன்றைய பாடம் ஒரே வரியில்: இடைக்கிட வாற பிழையைத் திருத்த ஓடாதீங்கோ, முதல்ல அதைப் பிடியுங்கோ. எப்பிடிப் பிடிக்கிறது என்று பார்ப்பம்.

தொடங்க முதல்

யூனிவர்சிட்டி வேலை, படங்கள் எல்லாத்தையும் வெளி டிரைவுக்கோ கிளவுட்டுக்கோ இப்பவே கொப்பி பண்ணுங்கோ. இனிச் செய்யப் போற எதுவும் ஆபத்தானது இல்லை. ஆனால் இடைக்கிட வாற பிழை எந்த நாளிலும் நிரந்தரமான பிழையாக மாறலாம்.

இன்னொன்று. டச்பாட் மேலே தள்ளிக்கொண்டு நிற்குதோ, அடிப்பக்கம் வீங்கியிருக்குதோ என்று பாருங்கோ. அப்பிடி இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் பண்ணாமல் நிப்பாட்டிவிட்டு நேரே கடைக்குப் போங்கோ. மிச்சப் பாடம் உங்களுக்கு இல்லை.

படி 1: இது எந்தக் கறுப்பு?

"ஸ்கிரீன் கறுத்துப் போச்சுது" என்பது ஒரு பிழை இல்லை, மூன்று வேறு வேறு பிழைகள். அடுத்த முறை கறுக்கும்போது பதற்றப்படாமல் மூன்றைச் செய்யுங்கோ.

ஒன்று, கப்ஸ் லொக் கீயை அமத்துங்கோ. அதன் வெளிச்சம் எரிஞ்சு அணைஞ்சால் லப்டொப் உயிரோடு இருக்கு. சத்தம் தொடர்ந்து கேட்குதோ என்றும் கவனியுங்கோ.

இரண்டு, போன் டோர்ச்சை ஸ்கிரீனுக்குக் கிட்டவாகச் சாய்த்துப் பிடியுங்கோ. மங்கலாக ஐகன்கள் தெரியுதோ?

மூன்று, விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நாலு கீகளையும் ஒன்றாக அமத்துங்கோ. இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் திரும்பத் தொடங்க வைக்கும். ஒரு சின்ன பீப் சத்தம் கேட்கும். திறந்திருக்கிற வேலை ஒன்றும் அழியாது.

இனி விடைகளைப் பார்ப்பம்.

கப்ஸ் லொக் வேலை செய்யவில்லை, சத்தமும் நின்று போச்சு என்றால், உறைஞ்சு போனது ஸ்கிரீன் இல்லை, முழு லப்டொப்பும். கறண்ட், சூடு, அல்லது விண்டோஸின் பெரிய கோளாறு என்று தேட வேணும்.

லப்டொப் உயிரோடு இருக்கு, டோர்ச் வெளிச்சத்தில் படமும் மங்கலாகத் தெரியுது என்றால், படம் ஸ்கிரீனுக்கு வந்துகொண்டுதான் இருக்கு. பின்னால் இருந்து வெளிச்சம் தாற பக்லைட்தான் அணைஞ்சிருக்கு. ஸ்கிரீன், அதன் கேபிள் ஆகிய இரண்டில்தான் சந்தேகம் அதிகம். ஒன்றைக் கவனியுங்கோ: ஓஎல்ஈடி ஸ்கிரீனில் பக்லைட் என்று ஒன்று இல்லை. அதில் இந்த டோர்ச் சோதனை பொருந்தாது.

லப்டொப் உயிரோடு இருக்கு, ஆனால் டோர்ச் பிடிச்சாலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், படமே வந்து சேரவில்லை. கனபேரின் பிரச்சினை இந்த மூன்றாவது வகைதான். நாலு கீயை அமத்தினதும் படம் திரும்பி வந்தால் டிரைவர் பக்கம் சந்தேகம் கூடும்.

படி 2: படம் எந்த வழியால் வருது?

ஒரு கேமிங் லப்டொப்புக்குள் அனேகமாக இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒன்று சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சின்னது. மற்றது என்விடியா அல்லது ஏஎம்டியின் பெரிய சிப். கேமைப் பெரிய சிப் வரையும். ஆனால் பல லப்டொப்புகளில் அந்தப் படம் நேரே ஸ்கிரீனுக்குப் போகாது, சின்னதுக்கூடாகச் சுற்றித்தான் போகும். பற்றரியை மிச்சம் பிடிக்கிறதுக்காகச் செய்த ஏற்பாடு அது. மக்ஸ் சுவிட்ச் உள்ள லப்டொப் என்றால் இந்தச் சுற்றுவழியை விட்டு நேரேயும் அனுப்பலாம். சில புது மொடல்கள் கேம் திறக்கும்போதும் மூடும்போதும் தாங்களாகவே வழியை மாத்தும். அந்த நேரம் மட்டும் ஒரு கணம் ஸ்கிரீன் நின்றால் அல்லது கறுத்தால் அது பிழை இல்லை, அதன் இயல்பு.

கடைசியில் படம் ஒரு மெல்லிய கேபிளுக்கூடாக ஸ்கிரீனுக்கு ஏறும். அந்தக் கேபிள் போறது மூடியின் பிணைச்சலுக்கூடாக. நீங்கள் திறந்து மூடுற ஒவ்வொரு முறையும் அது வளையும்.

இந்த வழி விளங்கினால் சோதனையை நீங்களே யோசிக்கலாம்.

வெளி மொனிட்டர் சோதனை: வீட்டு டிவியையாவது எச்டிஎம்ஐயில் கொழுவி, விண்டோஸ் கீயையும் பி கீயையும் அமத்தி, இரண்டிலும் ஒரே படம் வாற மாதிரி வையுங்கோ. லப்டொப் ஸ்கிரீன் மட்டும் கறுத்து டிவி தெளிவாக இருந்தால் ஸ்கிரீன், கேபிள், மூடி ஆகிய பக்கம். இரண்டும் ஒன்றாகக் கறுத்தால் சிப், டிரைவர், கறண்ட் ஆகிய பக்கம். இதில் ஒரு பொறி இருக்கு. பல கேமிங் லப்டொப்புகளில் எச்டிஎம்ஐ ஓட்டை நேரே பெரிய சிப்போடு இணைஞ்சிருக்கும். ஆகவே டிவி தெளிவாக இருந்தால் பெரிய சிப்பில் சந்தேகம் குறையுமே தவிர, சின்ன கிராபிக்ஸும் அதன் டிரைவரும் நிரபராதி என்று ஆகாது.

மூடிச் சோதனை: ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்து வச்சு, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கோ. ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும் கறுக்குது, கோடு விழுகுது என்றால் கேபிள்.

காந்தச் சோதனை: மூடி மூடியிருக்குதோ என்று லப்டொப் அறியிறது பெரும்பாலும் ஒரு சின்னக் காந்தத்தையும் சென்சாரையும் வச்சுத்தான். காந்தப் பட்டி போட்ட கைக்கடிகாரம், காந்தம் உள்ள போன் உறை, கீழே வச்சிருக்கும் இன்னொரு லப்டொப், எல்லாமே அந்த சென்சாரை ஏமாத்தலாம். கையைக் கீபோர்டில் வைக்கும்போது மட்டும் கறுக்குதா? கடிகாரத்தைக் கழற்றி வச்சுப் பாருங்கோ. செலவு இல்லாத சோதனை.

பயோஸ் சோதனை: லப்டொப் எழும்பும்போது பயோஸ் பக்கத்துக்குள் போய், அப்பிடியே விட்டுவிடுங்கோ. அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸ் டிரைவரும் இல்லை. அங்கேயும் கறுத்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. ஆனால் இது ஒருவழிப் பாதை. பயோஸில் கறுக்கவில்லை என்பதால் ஹார்ட்வெயர் நல்லது என்று முடிவெடுக்காதீங்கோ. அந்த நேரம் சிப்புக்கு வேலையே இல்லை.

படி 3: கொப்பியும் குறிப்பும்

எல்லாரும் விடுற படி இது. ஒரு கொப்பியில், அல்லது போன் நோட்டில், ஒவ்வொரு கறுப்புக்கும் ஒரு வரி எழுதுங்கோ: நேரம் (நிமிசம் சரியாக), என்ன செய்துகொண்டிருந்தீங்கள், எங்க இருந்தீங்கள், சார்ஜர் கொழுவியிருந்ததோ, எத்தனை செக்கன், சத்தம் நின்றதோ. ஐந்தாறு வரி சேர்ந்தால் போதும்.

பிறகு விண்டோஸ் தானாக எழுதுற குறிப்பைத் திறவுங்கோ. ஸ்டார்ட் மெனுவில் இவென்ட் வியூவர் என்று தேடி, விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே கனக்கச் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். பயப்பட வேண்டாம், நல்ல லப்டொப்பிலும் இருக்கும். உங்கள் கொப்பியில் உள்ள அதே நிமிசத்தை மட்டும் பாருங்கோ. தேட வேண்டிய இலக்கங்கள் இவை:

41, கேர்னல்-பவர்: லப்டொப் ஒழுங்காக நிற்காமல் திடீரென்று நின்று திரும்ப எழும்பியிருக்கு. இது காரணம் இல்லை, விளைவு. நீங்கள் பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு நிப்பாட்டினாலும் இதுதான் வரும்.

42 அல்லது 506, கேர்னல்-பவர்: லப்டொப் நித்திரைக்குப் போயிருக்கு. நீங்கள் அனுப்பாமல் போயிருந்தால் மூடி சென்சாரைச் சந்தேகியுங்கோ.

105, கேர்னல்-பவர்: கறண்ட் வாற இடம் மாறியிருக்கு. சார்ஜரில் இருந்து பற்றரிக்கு, அல்லது மறுபக்கம்.

4101, டிஸ்பிளே: கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, பிறகு மீண்டிருக்கு. சிப் வழமையாக 2 செக்கனுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானே திரும்பத் தொடங்கும். விஸ்டா காலத்தில் இருந்து இந்த ஏற்பாடு இருக்கு. ஓவர்கிளொக் அல்லது அண்டர்வோல்ட் செய்திருந்தால் முதல்ல அதை எடுத்துவிடுங்கோ. பிறகுதான் டிரைவரைத் துப்புரவாக அழிச்சு, லப்டொப் கொம்பனியின் தளத்தில் இருந்து திரும்பப் போடுறது.

அந்த நிமிசத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை என்றால் அதுவும் ஒரு விடை. விண்டோஸுக்குத் தெரியாமல் நடக்கிற விசயம், அதாவது கேபிள் அல்லது பக்லைட், என்ற பக்கம் சாயுங்கோ.

ஒரு உண்மைக் கதை

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி, கடைசி வருசம் படிக்கிறா. புரொஜெக்ட் குடுக்கிறதுக்கு ஒரு மாதம் கூட இல்லை. கேமிங் லப்டொப் ஒரு செக்கன், இரண்டு செக்கன் கறுத்துக் கறுத்து வருது. ஒரு கடையில் மதர்போர்ட் என்று சொல்லிவிட்டினம். சொன்ன விலை கிட்டத்தட்ட லப்டொப்பின் பாதி.

கொப்பியில் 9 வரி எழுதினா. ஒன்பதும் வீட்டில், கட்டிலில் இருந்து பாவிக்கும்போது. லைப்ரரி மேசையில் ஒரு தரமும் இல்லை. இதைப் பார்க்கிற ஆரும் "சூடு" என்றுதான் சொல்லுவினம். மெத்தை காற்று ஓட்டையை அடைக்கும், உண்மைதான். ஆனால் சூடு என்றால் அனேகமாக முதல்ல கேம் மெதுவாகும், ஃபேன் கத்தும். சிபியுவும் கிராபிக்ஸ் சிப்பும் எல்லைக்குக் கிட்ட வந்தால் முதலில் தங்கள் வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும். இங்கே வேகம் குறையவே இல்லை.

இவென்ட் வியூவரில் அந்த ஒன்பது நிமிசத்திலும் 105 இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு தரம்: கறண்ட் போனது ஒன்று, வந்தது ஒன்று. கேம் முழு ஸ்கிரீனில் ஓடுறதால் பற்றரி ஐகன் மாறினது அவவுக்குத் தெரியவில்லை.

பிறகு சந்தேகத்தைச் சோதிச்சம். கேம் ஓடும்போது வேணுமென்றே சார்ஜரைக் கழற்றச் சொன்னன். ஸ்கிரீன் அதே மாதிரிக் கறுத்து வந்தது. அந்த லப்டொப் சார்ஜர் கழன்றதும் பற்றரியை மிச்சம் பிடிக்க ஸ்கிரீனின் வேகத்தை 144 ஹேர்ட்ஸில் இருந்து 60க்குத் தானாகக் குறைக்கும். அந்த மாற்றத்தின்போது ஒரு கணம் கறுக்கும். செட்டிங்கில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிப்பாட்டினதும் கறுப்பு நின்றுவிட்டது. ஆனால் 105 தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. அப்ப ஸ்கிரீனில் ஒரு நோயும் இல்லை. கறண்ட்தான் விட்டுவிட்டு வருது.

கனபேர் இதோடு நிப்பாட்டிவிடுவினம், கறுப்புத்தான் போட்டுதே எண்டு. அது பிழை. சார்ஜர் வாய் ஆடினால் அந்த இடம் சூடேறும், ஒரு நாள் கருகலாம். அதே மொடல் சார்ஜர் ஒன்றை வகுப்பில் இரவல் வாங்கிக் கொழுவினா. அதிலும் 105 வந்தது. ஆகவே சார்ஜர் நல்லது, லப்டொப் பக்கத்து ஓட்டைதான் தளர்ந்திருக்கு. கட்டிலில் வயர் இழுபடும், மேசையில் இழுபடாது. லைப்ரரியில் ஏன் வரவில்லை என்பதும் விளங்கிச்சுது.

அந்த மொடலில் சார்ஜர் ஓட்டை மதர்போர்டில் இல்லை, தனியாக ஒரு சின்னக் கேபிளில் இருந்தது. அதை மட்டும் மாத்தினம். மதர்போர்டுக்குச் சொன்ன விலைக்குப் பக்கத்தில் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

படி 4: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

வீடியோக்களில் பத்து யோசனை சொல்லுவினம். பத்தையும் ஒரே இரவில் செய்தால், பிரச்சினை போனாலும் எது திருத்தினது என்று தெரியாது. திரும்பி வந்தால் தொடங்கின இடத்திலேயே நிற்பீங்கள். ஒன்றை மாத்துங்கோ, கொப்பியில் எழுதுங்கோ, காத்திருங்கோ. செலவில்லாததும், திரும்ப மாத்தக் கூடியதும் முதல்ல. திறந்து பார்க்கிறது கடைசியில.

எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? இங்கே கொஞ்சம் கணக்கு வேணும். உங்கள் கறுப்பு சராசரியாக 10 மணித்தியாலப் பாவனைக்கு ஒரு தரம் வருகுது என்று வையுங்கோ. ஒன்றை மாத்தினபிறகு 10 மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. திருந்திப் போச்சா? இல்லை. பிழை எழுந்தமானமாக வருகுது என்றால், ஒன்றுமே திருந்தாமல் இருந்தாலும் 10 மணித்தியாலம் சும்மா கழியிறதுக்கு 100க்கு 37 வாய்ப்பு இருக்கு. 30 மணித்தியாலம் கழிஞ்சால் அந்த வாய்ப்பு 100க்கு 5 ஆகக் குறையும். ஆகவே சூத்திரம்: சராசரி இடைவெளியின் மூன்று மடங்கு. அதற்கு முதல் "சரி வந்திட்டுது" எண்டு அறிவிக்காதீங்கோ. நாள்களை எண்ணாமல் பாவிச்ச மணித்தியாலங்களை எண்ணுங்கோ. பழைய மாதிரியே பாவிக்கவும் வேணும். கேமில் வாற பிழையை ஈமெயில் பார்த்துச் சோதிக்க முடியாது.

படி 5: கடைக்குப் போகும்போது

கேபிள், ஸ்கிரீன், சிப் என்று முடிவு வந்தால், வாரண்டி உள்ள லப்டொப்பை நீங்கள் திறக்காதீங்கோ. "இடைக்கிட கறுக்குது" என்று மட்டும் சொல்லாதீங்கோ. இப்பிடிச் சொல்லுங்கோ: "இரண்டு கிழமையில் 8 தரம். லப்டொப் உயிரோடு இருக்கு, டோர்ச்சில் படம் தெரியுது, டிவியில் தெளிவாக இருக்கு, மூடியை இந்தச் சாய்வில் வச்சால் வருகுது." கொப்பியின் படத்தையும், கறுக்கிறதைப் போனில் எடுத்த வீடியோவையும் ஈமெயிலில் அனுப்புங்கோ. அப்ப "பிழை ஒண்டும் இல்லை" எண்டு திருப்பித் தாறது கஷ்டம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் அது திகதி பார்க்கும். பிரித்தானியாவில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கி 6 மாதத்துக்குள் தெரியிற பிழை வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுக்கப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வித்தவர் குறைந்தது 2 வருசத்துக்குப் பொறுப்பு. நோர்வேயில் நீண்ட காலம் நிற்க வேண்டிய பொருள்களுக்கு 5 வருசம் வரை முறையிடலாம். மற்ற நாடுகளில் இருக்கிற ஆக்கள் உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தேடிப் பாருங்கோ. எந்த நாடாக இருந்தாலும், காலம் முடிய முதல் முறைப்பாட்டை எழுத்தில் குடுங்கோ. இடைக்கிட வாற பிழை, வாரண்டி முடியும் மட்டும் ஆளை ஏமாத்திக்கொண்டே இருக்கும்.

இந்தக் கிழமை வீட்டு வேலை

உங்கள் லப்டொப் இப்ப நல்லா இருந்தாலும் மூன்றைச் செய்யுங்கோ. இவென்ட் வியூவரைத் திறந்து 105 என்ற இலக்கத்தைத் தேடி, நீங்கள் சார்ஜர் கொழுவின நேரங்களோடு ஒத்துப் போகுதோ என்று பாருங்கோ. வாங்கின பில்லைத் தேடிப் படம் எடுத்து வையுங்கோ. உங்கள் லப்டொப்பில் எச்டிஎம்ஐ எந்தச் சிப்போடு இணைஞ்சிருக்கு என்று கொம்பனியின் தளத்தில் பாருங்கோ. மூன்றும் அரை மணித்தியால வேலை. பிழை வாற இரவில் இவற்றைத் தேட நேரம் இருக்காது.

ஏற்கெனவே கறுக்கிற லப்டொப் வச்சிருக்கிற ஆக்கள் உங்கள் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ. குறைஞ்சது ஐந்து வரி இருக்க வேணும்! அடுத்த எபிசோட்டில் இரண்டு மூன்றை எடுத்து எல்லாரும் சேர்ந்து துப்பறிவம்.

சந்திப்பம்.